தொலைபேசி எண்ணே முகவரி: வாட்ஸ்அப்பின் முதல் ஐந்து ஆண்டுகள்

2009 பிப்ரவரி 24 அன்று கலிபோர்னியாவில் வாட்ஸ்அப் என்ற பெயரில் ஒரு நிறுவனம் பதிவானது. நிறுவியவர் ஜான் கூம். அன்று அவருக்கு 33-ஆவது பிறந்தநாள். நிறுவனம் பதிவாகிவிட்டதே தவிர, செயலியில் ஒரு வரிகூட எழுதி முடிந்திருக்கவில்லை. அவர் மனதில் இருந்தது செய்தி அனுப்பும் சேவையும் அல்ல. போன் புக்கில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் இப்போது என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டும்: "ஜிம்மில் இருக்கிறேன்", "பேட்டரி தீரப்போகிறது", "இன்னொரு அழைப்பில் இருக்கிறேன்". அவ்வளவுதான் திட்டம்.

இந்தச் சேவை ஏன் வென்றது என்று கேட்டால் இலவசம், எளிமை, விளம்பரம் இல்லை என்று வழக்கமான பதில்கள் வரும். அவை பொய்யில்லை. ஆனால் அதே காலத்தில் இலவசமாக, எளிமையாக வந்த வேறு செயலிகளும் இருந்தன. வாட்ஸ்அப்பின் தலையெழுத்தை எழுதியது முதல் சில வாரங்களிலேயே எடுக்கப்பட்ட ஒரு முடிவு என்பதே இந்த ஆய்வின் வாதம். பயனர் பெயர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், நட்புக் கோரிக்கை வேண்டாம். தொலைபேசி எண்தான் கணக்கு, போன் புக்தான் நண்பர் பட்டியல். வளர்ச்சிக்கு வழிவிட்டதும் அதுதான். ஆரம்பச் செலவு, பாதுகாப்பு ஓட்டைகள், தனியுரிமைப் புகார்கள் எல்லாவற்றையும் இழுத்து வந்ததும் அதுதான்.

யாகூவிலிருந்து வெளியே

கூம் உக்ரைனில், கீவ் நகருக்கு அருகே ஃபாஸ்திவ் என்ற ஊரில் வளர்ந்தவர். 16 வயதில், 1992-இல், தாயோடும் பாட்டியோடும் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவுக்கு வந்தார். அரசு தரும் உணவுக் கூப்பனில் குடும்பம் ஓடியது. மளிகைக் கடையில் தரை கூட்டியிருக்கிறார். 1997-இல் யாகூவில் உள்கட்டமைப்புப் பொறியாளராகச் சேர்ந்தார். பிரையன் ஆக்டன் அங்கே சக ஊழியர். இருவரும் 2007-இல் ஒன்றாக வெளியேறினார்கள். இருவருமே ஃபேஸ்புக்கில் வேலை கேட்டு, கிடைக்காமல் திரும்பியவர்கள்.

யாகூவில் கற்ற இரண்டு விஷயங்கள் பின்னால் வந்த எல்லாவற்றிலும் தெரிகின்றன. ஒன்று, விளம்பரத்தின் மீது வெறுப்பு. "விளம்பரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், வித்தை வேண்டாம்" என்று ஆக்டன் எழுதிக்கொடுத்த சீட்டைக் கூம் தன் மேசையிலேயே வைத்திருந்தார். மற்றொன்று ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். யாகூவின் சர்வர்கள் அதில்தான் ஓடின. அதன் உள்ளும் புறமும் தெரிந்தவர்கள் இவர்களும், பின்னால் இவர்களோடு சேர்ந்த யாகூக்காரர்களும்.

2009 ஜனவரியில் கூம் ஒரு ஐபோன் வாங்கினார். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. ஐபோன் செயலி எழுத ஆள் தேவைப்பட்டபோது, நண்பர் அலெக்ஸ் ஃபிஷ்மன் வழியாக இகோர் சொலொமென்னிகோவ் என்ற ரஷ்ய நிரலாளர் கிடைத்தார். சர்வர் பக்கத்து வேலையைக் கூம் எடுத்துக்கொண்டார்.

முதல் பதிப்புகள் அடிக்கடி முடங்கின. நண்பர்கள் தரவிறக்கிப் பார்த்தார்கள், பயன்படுத்தவில்லை. கூம் இதை விட்டுவிட்டு வேலை தேடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். இன்னும் சில மாதம் பார் என்று பிடித்து நிறுத்தியவர் ஆக்டன்.

2009 ஜூனில் ஆப்பிள் புஷ் அறிவிப்பு வசதியைத் திறந்துவிட்டது. அதுவரை, செயலி திறந்திருக்காவிட்டால் அதனால் பயனரைக் கூப்பிட முடியாது. இப்போது ஒருவர் தன் நிலையை மாற்றினால் அவரைப் போன் புக்கில் வைத்திருக்கும் அத்தனை பேரின் போனும் மணியடிக்கும். உடனே பயனர்கள் நிலை வாசகத்தை வேறு மாதிரி பயன்படுத்தத் தொடங்கினார்கள். "எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது", "வந்துகொண்டிருக்கிறேன்" என்று ஒருவர் போட, அடுத்தவர் தன் நிலையை மாற்றிப் பதில் சொன்னார். நிலை காட்டும் பலகை அரட்டைப் பலகையாகிவிட்டது. கூம் அதைப் பார்த்து, செய்தி அனுப்பும் பகுதியைச் சேர்த்து 2.0 பதிப்பை வெளியிட்டார். பயனர் எண்ணிக்கை இரண்டரை லட்சத்துக்கு எகிறியது. அக்டோபரில் ஆக்டன் பழைய யாகூ நண்பர்கள் ஐந்து பேரிடம் 2,50,000 டாலர் திரட்டினார். அதன்பின் அவரும் இணை நிறுவனர் ஆனார்.

ஓர் எண், நான்கு வடிவம்

அன்றைய மாற்றுகளை நினைத்துப் பாருங்கள். யாகூ மெசஞ்சர், எம்எஸ்என், ஜிடாக், ஸ்கைப் எல்லாவற்றுக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். எதிராளியின் பெயரைக் கேட்டு வாங்கி, கோரிக்கை அனுப்பி, அவர் ஏற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிளாக்பெரி மெசஞ்சருக்கு எட்டு எழுத்துள்ள பின் உண்டு. அது பிளாக்பெரிக்குள் மட்டுமே செல்லும். வாட்ஸ்அப்பில் செயலியை நிறுவி எண்ணைச் சரிபார்த்தால் போதும், ஏற்கெனவே செயலி வைத்திருக்கும் தெரிந்தவர்கள் எல்லாரும் பட்டியலில் வந்து நிற்பார்கள்.

பயனருக்கு எளிதான இந்த வேலை, சர்வருக்குத் தலைவலி. இந்தியாவில் ஒரே ஆளின் எண்ணை நான்கு விதமாகச் சேமித்திருப்பார்கள்: பத்து இலக்கம் மட்டும், முன்னால் ஒரு 0 போட்டு, +91 போட்டு, 0091 போட்டு. நான்கும் ஒரே கணக்கைத்தான் சுட்ட வேண்டும். அதற்கான வேலை வரிசை சுருக்கமாக இது. முதலில் இடைவெளி, கோடு, அடைப்புக்குறி எல்லாவற்றையும் நீக்க வேண்டும். + இருந்தால் அடுத்து வருவது நாட்டுக் குறியீடு. + இல்லாமல் வெளிநாட்டு அழைப்பு முன்னொட்டு இருந்தால் அதை வெட்ட வேண்டும். இந்தியாவில் அது 00, அமெரிக்காவில் 011. உள்நாட்டு முன்னொட்டு இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். இந்தியாவில் அது 0, ரஷ்யாவில் 8. பிறகு, போன் புக்கின் சொந்தக்காரர் எந்த நாட்டு எண்ணில் பதிவு செய்தாரோ அந்த நாட்டுக் குறியீட்டை முன்னால் ஒட்ட வேண்டும்.

கடைசிப் படியில்தான் பிழை அதிகம். வேலைக்காகத் துபாய் போனவர் அங்கே வாங்கிய எண்ணில் பதிவு செய்தால், போன் புக்கில் வெறும் பத்து இலக்கமாக இருக்கும் ஊர் எண்களுக்கெல்லாம் 91-க்குப் பதில் 971 ஒட்டப்படும். அம்மா, அண்ணன், நண்பர்கள் யாரையும் காணோம். தீர்வு ஒன்றுதான்: எல்லா எண்ணையும் +91 சேர்த்து மறுபடி சேமிக்க வேண்டும். மெக்சிகோ எண்ணுக்கு +52-க்குப் பின் ஒரு 1 தேவைப்பட்டது. அர்ஜென்டினாவில் +54-க்கும் பகுதிக் குறியீட்டுக்கும் நடுவே 9 வர வேண்டும், உள்ளூரில் போடும் 15-ஐ எடுத்துவிட வேண்டும். உலக நாடுகளின் முன்னொட்டுப் பட்டியலை விக்கிபீடியாவில் பார்த்துத் தொடங்கிய கூம், இத்தகைய நூற்றுக்கணக்கான வட்டார வழக்கங்களைத் திருத்திக்கொண்டே பல மாதங்கள் செலவிட்டார். வெளியே தெரியாத இந்தச் சலிப்பான வேலைதான் செயலியைச் சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு வெளியே கொண்டுபோனது என்று நாங்கள் கருதுகிறோம்.

வளர வளர நட்டம்

எண்தான் கணக்கு என்றால், அந்த எண் உங்களுடையதுதான் என்று உறுதி செய்தாக வேண்டும். அதற்கு ஒவ்வொரு புதுப் பயனருக்கும் ஓர் எஸ்எம்எஸ் போக வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு மாற்றாக வளர்ந்த சேவையின் மிகப்பெரிய ஆரம்பச் செலவு எஸ்எம்எஸ்தான்.

இடைத்தரகர்கள் வாங்கிய கட்டணம் அமெரிக்காவுக்குள் ஒரு செய்திக்கு சுமார் 2 சென்ட். மத்திய கிழக்கு நாடுகளுக்கு 65 சென்ட் வரை. செயலியின் விலை 99 சென்ட். அதில் ஆப்பிள் 30 விழுக்காடு எடுத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 69 சென்ட். மத்திய கிழக்குப் பயனர் ஒருவர் காசு கொடுத்து வாங்கினாலே, சரிபார்ப்புச் செலவு போக நிற்பது 4 சென்ட். குறுஞ்செய்தி வந்து சேராமல் அவர் மறுபடி கேட்டால் அதுவும் நட்டம். செயலி இலவசமாக இருக்கும் நாள்களில் ஒவ்வொரு புதுப் பயனரும் கூமின் வங்கிக் கணக்கைக் கரைத்தார்.

எனவே இருவரும் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். வளர்ச்சி கட்டுக்கு மீறும்போது செயலியைக் கட்டணத்துக்கு மாற்றுவார்கள், தணிந்ததும் இலவசமாக்குவார்கள். 2009 டிசம்பரில் படம் அனுப்பும் வசதி வந்தது. அப்போது கட்டணம் இருந்தும் வளர்ச்சி நிற்கவில்லை. காசு கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கு உறுதியானது அந்த மாதத்தில்தான். 2010 தொடக்கத்தில் மாத வருமானம் சுமார் 5,000 டாலர். செலவை ஈடுகட்ட அது போதுமானதாக இருந்தது. ஆண்ட்ராய்டில் முதல் ஆண்டு இலவசம், பிறகு ஆண்டுக்கு 99 சென்ட் என்று வைத்தார்கள். 2013-இல் ஐபோனுக்கும் அதே முறை வந்தது. 2014 வாக்கில் சரிபார்ப்புக் குறுஞ்செய்திக்கு மட்டும் மாதம் சுமார் 5 லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்தது.

பிளாக்பெரி, நோக்கியா சிம்பியன், ஆண்ட்ராய்டு என்று 2010-இல் வரிசையாகப் பதிப்புகள் வந்தன. பிளாக்பெரிக்கு எழுத வந்த கிறிஸ் பைஃபருக்கே, அங்கே சொந்த மெசஞ்சர் இருக்கும்போது இது எதற்கு என்ற சந்தேகம் இருந்தது. 2011-இல் நோக்கியாவின் மலிவான எஸ்40 போன்களுக்கும் வந்தபோது கதை மாறியது. நினைவகமும் திறனும் குறைந்த, விசைப்பலகை போன்கள் அவை. அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காத அந்தப் போன்கள்தான் இந்தியாவிலும் பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் மக்கள் கையில் இருந்தன.

இந்தியாவில் காலமும் தோதாக அமைந்தது. அப்போது பண்டிகை நாள்களில் எஸ்எம்எஸ் பேக் செல்லாது; தீபாவளி வாழ்த்துக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கும் முழுக் கட்டணம். 2011 செப்டம்பர் 27 முதல், வணிகத் தொல்லையைத் தடுப்பதற்காக ஒரு சிம்முக்கு நாளுக்கு 100 எஸ்எம்எஸ் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பு வைத்தது. நவம்பரில் அதை 200 ஆக உயர்த்தியது. தமிழில் அனுப்புபவருக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழுக்குத் தேவையான யூனிகோடு குறியீட்டில் வெறும் 70. அதிலும் புள்ளியும் துணையெழுத்துகளும் தனித்தனியே கணக்காகும். "வணக்கம்" கண்ணுக்கு ஐந்தெழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் ஏழு. வாட்ஸ்அப்பில் அந்தக் கணக்கே இல்லை.

ஒரு சர்வர், இருபது லட்சம் போன்

சர்வர் பக்கத்தில் கூம் சக்கரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஈஜாபர்டி என்ற, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல அரட்டைச் சர்வரை எடுத்துக்கொண்டார். அது எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. எர்லாங் 1980-களில் எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய மொழி. அதில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு சிறு செயல்முறை ஓடும், ஒன்று விழுந்தால் மற்றவை விழா, ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலை மாற்றலாம். இலட்சக்கணக்கான போன்கள் சும்மா இணைந்தபடி காத்திருக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அன்று இல்லை. காலப்போக்கில் ஈஜாபர்டியின் பெரும்பகுதியை மாற்றி எழுதிவிட்டார்கள்.

போனுக்கும் சர்வருக்கும் இடையிலான நெறிமுறை, அதாவது தகவல் பரிமாறும் விதித்தொகுப்பு, எக்ஸ்எம்பிபி. அது சொற்களால் நீளும் வடிவம், 2ஜி இணைப்புக்குப் பாரம். அடிக்கடி வரும் சொற்களுக்கு ஓர் அகராதி வைத்து, சொல்லுக்குப் பதில் ஒரே ஒரு பைட்டை அனுப்பும்படி இறுக்கினார்கள். படமும் வீடியோவும் இந்த வழியில் போகா. அவை தனியாக இன்னொரு சர்வரில் ஏற்றப்பட்டு, லிங்கும் சிறு முன்னோட்டப் படமும் மட்டும் செய்தியாகப் போகும். பெறுபவர் இணைப்பில் இல்லாவிட்டால் செய்தி சர்வரில் காத்திருக்கும், சேர்ந்ததும் அழிக்கப்படும். காத்திருக்கும் செய்திகளில் பாதிக்கு மேல் 60 நொடிக்குள் எடுக்கப்பட்டுவிடும் என்பதால் அவற்றைப் பெரும்பாலும் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ள முடிந்தது.

2011 வாக்கில் ஒரு சர்வர் தாங்கியது சுமார் 2 லட்சம் இணைப்பு. யாகூவிலிருந்து வந்த ரிக் ரீட் அதை உயர்த்தும் வேலையில் இறங்கினார். முதல் சுமைச் சோதனையில் 4,25,000 இணைப்பை எட்டியதும் சர்வர் திணறியது. செயலகங்கள் (கணினியின் சிபியுக்கள்) உண்மையான வேலையைவிட, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் ஒரே பூட்டுக்காக ஒன்றையொன்று பார்த்துக் காத்திருப்பதிலேயே நேரத்தைக் கழித்தன. எங்கே காத்திருக்கின்றன என்று அளந்து, அந்தப் பூட்டைப் பிரித்து, மறுபடி அளந்து, எர்லாங்கின் உள்ளேயும் ஃப்ரீபிஎஸ்டியின் உள்ளேயும் கைவைத்து முன்னேறினார்கள். 2011 செப்டம்பரில் ஒரே கணினியில் 10 லட்சம். 2012 ஜனவரியில் 22,77,845 இணைப்பு என்ற அளவை வெளியிட்டார்கள். கணினி என்னவோ அன்று கடையில் கிடைத்ததுதான்: 24 தருக்கச் செயலகம், 100 ஜிபி அளவு நினைவகம். அந்தச் சுமையிலும் செயலகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஓய்வாகவே இருந்தது.

அந்த ஓய்வு வீண் அல்ல. கால்பந்தில் ஒரு கோல் விழுந்தால், எங்காவது நிலம் நடுங்கினால், செய்திகள் செங்குத்தாக ஏறும். அதனால் நடைமுறையில் ஒரு சர்வருக்கு 10 லட்சம் போன் அளவில் நிறுத்திக்கொண்டார்கள். 2014 தொடக்கத்தில் சுமார் 550 சர்வர். அவற்றில் ஏறக்குறைய 150 அரட்டைக்கு மட்டும். ஒரே நேரத்தில் 14.7 கோடி இணைப்பு, நாளுக்கு 1,900 கோடி செய்தி உள்ளே, குழுக்களுக்குப் பிரிந்து 4,000 கோடி வெளியே. இத்தனைக்கும் பொறியாளர்கள் 32 பேர்.

இவ்வளவு இறுக்கமான அமைப்பும் ஒரு சின்ன இடத்தில் சரிந்தது. 2014 பிப்ரவரி 22 அன்று பின்புல ரவுட்டர் ஒன்று உள்வலைப் பிணைப்பை நழுவவிட்டது. சர்வர்கள் ஒன்றையொன்று இழந்தன. இணைப்பு மீண்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் மறுபடி கைகோக்க முயன்று நிலைகுலைந்தன. ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வழியில்லாமல் மொத்தத்தையும் நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. சேவை மூன்று மணி நேரத்துக்கும் மேல் இல்லை.

பூட்டும் சாவியும்

சர்வரில் காட்டிய கவனத்தைப் பாதுகாப்பில் காட்டவில்லை. இதை மென்று விழுங்கத் தேவையில்லை. 2012 ஆகஸ்ட் வரை செய்திகள் மறையாக்கம் இல்லாமல் போயின. காபிக் கடையின் வைஃபையில் பக்கத்து மேசைக்காரர் படித்துவிடலாம். அதற்கென்றே ஓர் ஆண்ட்ராய்டு செயலியும் உலவியது. 2012 ஜனவரியில், எண் மட்டும் தெரிந்தால் யாருடைய நிலை வாசகத்தையும் மாற்றிவிடக்கூடிய ஒரு தளமே வந்தது.

இன்னும் மோசமானது கடவுச்சொல். பயனரிடம் கடவுச்சொல் கேட்பதில்லை என்றாலும், செயலிக்கும் சர்வருக்கும் இடையே ஒன்று வேண்டும். ஆண்ட்ராய்டில் அதைப் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைத் தலைகீழாகத் திருப்பி, எம்டி5 என்ற ஹேஷில் (கொடுத்ததைக் கலைத்து ஒரு குறியீடாக்கும் கணக்கில்) போட்டு உருவாக்கினார்கள். ஐபோனில் வைஃபை கருவியின் அடையாளமான மேக் முகவரியை இருமுறை அடுத்தடுத்து எழுதி அதே ஹேஷ். 2012 செப்டம்பரில் இது அம்பலமானது. ஐஎம்இஐ ரகசியமே அல்ல. *#06# அழுத்தினால் திரையில் வரும், பெட்டியில் அச்சிட்டிருக்கும், அன்று அனுமதி பெற்ற எந்தச் செயலியும் அதைப் படிக்க முடிந்தது. மேக் முகவரியோ அன்று ஒரே வைஃபையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. எண்ணும் ஐஎம்இஐயும் கிடைத்தால் இன்னொருவரின் பெயரில் செய்தி அனுப்பலாம்.

மறையாக்கம் சேர்த்த பிறகும் தவறு தொடர்ந்தது. 2013 அக்டோபரில், போவதற்கும் வருவதற்கும் ஆர்சி4 என்ற மறையாக்க முறையின் ஒரே சாவியைப் பயன்படுத்துவது கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே சாவி ஓட்டத்தில் பூட்டிய இரண்டு செய்திகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் சாவி தானே காணாமல் போய், இரண்டு செய்திகளின் கலவை மிஞ்சும். ஒன்றை ஊகித்தால் மற்றதும் அவிழும். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய இருமுனை மறையாக்கம் 2014 நவம்பரில் ஆண்ட்ராய்டில் தொடங்கி 2016 ஏப்ரலில்தான் எல்லாருக்கும் முழுமையானது.

போன் புக் விவகாரம் தனி. நண்பர்களைத் தானாகக் காட்ட வேண்டுமானால் போன் புக் முழுவதும் சர்வருக்குப் போக வேண்டும், செயலியே வைத்திருக்காதவர்களின் எண்களும் சேர்ந்துதான். 2013 ஜனவரியில் கனடா, நெதர்லாந்து தனியுரிமை ஆணையங்கள் கூட்டாக விசாரித்து இதைக் கண்டித்தன. பயனர் அல்லாதவர்களின் எண்களை ஹேஷாக்கியே வைத்திருக்கிறோம் என்பது பெரிய தற்காப்பு ஆகாது. பத்து இலக்க எண்கள் மொத்தமே 1,000 கோடி. அத்தனையையும் ஹேஷாக்கி ஒரு பட்டியல் போட்டுவிட்டால், எந்த ஹேஷ் எந்த எண் என்று திருப்பிப் பார்ப்பது கணினிக்குச் சிறு வேலை.

விற்பனையும் அதன் பின்னும்

2011 ஏப்ரலில் முதலீட்டு நிறுவனமான செக்வோயா கேப்பிடல் 80 லட்சம் டாலர் முதலீடு செய்தது. 2013 பிப்ரவரியில், 20 கோடிப் பயனர்களும் சுமார் 50 ஊழியர்களும் இருந்தபோது, மேலும் 5 கோடி டாலர். நிறுவனத்தின் மதிப்பு 150 கோடி டாலர். ஓராண்டு கழித்து, 2014 பிப்ரவரி 19 அன்று, ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது: 400 கோடி ரொக்கம், 1,200 கோடிக்குப் பங்கு, நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும் 300 கோடிக்குக் கட்டுப்பாடுள்ள பங்கு. அப்போது மாதப் பயனர்கள் 45 கோடி, ஊழியர்கள் 55. அக்டோபரில் கைமாற்றம் முடிந்தபோது ஃபேஸ்புக் பங்கின் விலை ஏறியிருந்ததால் மொத்தம் சுமார் 2,180 கோடியாகியிருந்தது.

இரு நிறுவனங்களின் இணைப்புக்கு அனுமதி கேட்டபோது, இரு சேவைகளிலும் உள்ள கணக்குகளைத் தானியங்கியாக நம்பகமாகப் பொருத்திப் பார்க்க முடியாது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் ஃபேஸ்புக் சொன்னது. ஆனால் வாட்ஸ்அப்பின் கணக்கு ஒவ்வொன்றும் ஒரு தொலைபேசி எண். ஃபேஸ்புக்கிலும் கோடிக்கணக்கானோர் தங்கள் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். 2016 ஆகஸ்டில் வாட்ஸ்அப் விதிமுறைகளை மாற்றி, பயனர் எண்களை ஃபேஸ்புக்கோடு பகிர்ந்துகொள்ளப்போவதாக அறிவித்தது. பொருத்திப் பார்க்கும் வழி 2014-இலேயே இருந்தது, ஃபேஸ்புக் ஊழியர்களுக்கும் அது தெரிந்திருந்தது என்று ஆணையம் முடிவு செய்து, தவறான தகவல் தந்ததற்காக 2017 மே 18 அன்று 11 கோடி யூரோ அபராதம் விதித்தது.